வரவேட்டில் ஏறாத மடல்கள்

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலையில், தேனியில் என் வீட்டு வாயிற்படியில் நின்று, முன்பின் நான் பேசியறியாத பெண்மணி ஒருவர் என்னைக் கள்வன் என்றார். குரலை உயர்த்தவில்லை. குடையை மடக்கி, நீரை உதறி, சுவரோரம் சாய்த்துவிட்டு, "காலேஜுப் புத்தகத்துல எழுதுன ஐயா வீடு இதான?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

"எங்க வீட்டுக் கடுதாசியக் களவாண்டுட்டுப் போனது நீங்கதானா?"

உள்ளே வருமாறு அழைத்தேன். வரவில்லை. நாற்காலியை வாயிலுக்கே கொணர்ந்து இட்டேன். உட்காரவில்லை. தம்மோடு கொண்டுவந்த உரப்பைக்குள் கைவிட்டு, நெகிழித்தாளில் சுற்றிய இதழொன்றை எடுத்தார். பள்ளத்தாக்கின் நடுவே நான் தமிழ் கற்பித்த கல்லூரியின் ஆண்டு மலர் அது. அதன் ஆசிரியனாக நெடுங்காலம் இருந்தவன் நான். அட்டையின் மூலையை எலி கடித்திருந்தது. அவர் பக்கத்தைத் தேடவில்லை. இதழ் தானே அவ்விடத்தில் திறந்துகொண்டது. இடப்பக்கம் பழைய மடலொன்றின் ஒளிப்படம். வலப்பக்கம் அதன் வாசகம் அச்செழுத்தில். அடியில் சிற்றெழுத்தில் என் குறிப்பு: மூலம் நம் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

அவ்வரியின்மேல் விரலை வைத்தார். திராட்சைக் கொடிக்குத் தெளிக்கும் மயில்துத்தத்தின் நீலம் நகக்கண்ணில் படிந்திருந்தது.

"பாதுகாத்து வச்சிருக்குன்னு போட்டிருக்கீக. முந்தாநேத்துப் போய்க் கேட்டேன். அப்படி ஒரு சாமானே எங்ககிட்ட இல்லைங்கிறாக. அங்கன இல்லைன்னா எங்கன இருக்கு? இங்கனயா?"

அவர் பார்வை என் தோளைத் தாண்டி உள்ளே சென்று, அடுக்கியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. சோதனைச் சாவடியில் சரக்குந்தை நோக்கும் காவலர் கண்ணில்தான் அத்தகைய பார்வையைக் கண்டிருக்கிறேன்.

சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் இடைப்பட்ட கிறித்தவச் சிற்றூர் ஒன்றில், ஊரார் உபதேசியார் வீடு என்று வழங்கும் வீட்டின் மகள் அவர். அவருடைய தந்தையை அறிவேன். மடல்களை நூலகத்துக்கென என் கையில் ஒப்படைத்தவர் அவரே. அத்தந்தை அவ்வாண்டு ஆடியில் இறந்துபோனார் என்பதை மகளின் வசையினூடேதான் அறிந்துகொண்டேன்.

"எங்கப்பா செத்துட்டாக. மொதக் கல்லறைத் திருநா வருது. கடுதாசி வேணும். வேற பேச்சு இல்ல."

அவர் கேட்டது இன்னதென்று எனக்கு விளங்கியது. படிப்போருக்கும் விளங்க வேண்டும். அவ்வீட்டின் முன்னோர் ஒருவர் உபதேசியாராக இருந்தவர். குருமார் எளிதில் வந்துசேராத இடங்களில் மக்களைக் கூட்டி மன்றாட்டு நடத்துவது உபதேசியாரின் பணி. மலைமேல் ஏலத்தோட்டங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே கூலிக்குப் போன தம் ஊராரைத் தொடர்ந்து அவரும் மலையேறினார். அங்கிருந்து தம்பிக்கு எழுதிய மடல்கள் அவை. மனைவிக்கு எழுத்தறிவு கிடையாது; தம்பி உரக்கப் படிப்பார், வீடே கேட்கும். ஒவ்வொரு மடலின் உச்சியிலும் ஒரு சிலுவை. அதன்கீழ் 'சேசு மரி சூசை துணை' என்னும் வரி. தோட்டத்தில் கழித்துப் போட்ட அச்சுத் தாள்களின் பின்புறத்தில், ஓரம் விடாமல், நெருக்கி எழுதியிருப்பார்.

அவற்றுள் ஒன்றைத்தான் அப்பெண்மணி கேட்டு வந்திருந்தார். உபதேசியார் மலையில் காய்ச்சலோடு கிடந்தபோது, கீழே அவருடைய சிறுமகள் அதே காய்ச்சலில் இறந்தாள். எழுந்து நடக்க இயலாதவர், கீழே இறங்கிய பொதிமாட்டுக்காரர் ஒருவரிடம் மடல் எழுதிக் கொடுத்தனுப்பினார். குழிமேட்டில் நின்று இதை உரக்கப் படி, பிள்ளை என் குரலென்று கேட்டுக்கொள்ளட்டும் என்று தம்பிக்குச் சொல்லியிருந்தார். தம்பி அவ்வாறே படித்தார். அன்றுமுதல் அவ்வீட்டில் யார் இறந்தாலும், இறப்புக்குப்பின் வரும் முதற் கல்லறைத் திருநாளில் அம்மடலைப் புதுக்கல்லறையின் தலைமாட்டில் நின்று படிக்கிறார்கள்.

அம்மடல்கள் என் கைக்கு வந்த வகையையும் கூறவேண்டும். கல்லூரி மலர் எவ்வாறு இருக்கும் என்பதை அறியாதார் இலர். முன்னால் தாளாளர் படமும் முதல்வர் வாழ்த்தும்; பின்னால் ஏலக்காய் மண்டி, வாழைக்காய் மண்டி விளம்பரங்கள்; இடையே வரிக்கு மூன்று புள்ளி வைத்து நிலவைப் பெண்ணென்றும் பெண்ணை நிலவென்றும் சொல்லும் பாக்கள். அதைத் தொகுப்பது சாக்கடை வாருவதற்கு நிகர் என்று நான் ஆசிரியர் அறையில் சொன்னேன். சொன்னது முதல்வர் செவிக்குச் சென்றது. தண்டனையாக மறு ஆண்டும் அப்பணியை எனக்கே கொடுத்தார்கள். ஓர் ஆண்டாவது அதில் உப்புள்ள ஒன்றை இடவேண்டும் என்னும் வெறியில், பழைய மடல்கள் இருப்பதாகக் கேள்வியுற்ற அந்த வீட்டைத் தேடிச் சென்றேன்.

தகரப்பேழை ஒன்றில் மடல்களை வைத்திருந்தார் அத்தந்தை. மூடியில் கிளிப் படம் போட்ட, ஊரார் பிஸ்கட் டப்பா என்னும் பழைய ஈரட்டிப் பேழை. மடல்களின் நடை எனக்கு வேம்பாகக் கசந்தது. ஆத்துமம், சர்வேசுரன், சமுசாரம், கிருபை என்று அயற்சொல் மலிந்த நடை. என் மாணாக்கன் எழுதியிருப்பின் சிவப்பு மையால் குளிப்பாட்டியிருப்பேன். ஆனால் மூலம் மூலமே. எழுத்துக்கு எழுத்து அப்படியே அச்சிட்டேன். சிறுமகளுக்கு எழுதிய அந்த ஒரு மடலின் தாளில் மட்டும் மெழுகு சொட்டிய வட்டங்கள் பல இருந்தன. 'ஆங்காங்கே மெழுகுக் கறைகளால் சிதைந்துள்ளது' என்பதையும் குறிப்பில் சேர்த்தேன். அது ஆய்வு முறை. தாளின் நிலையைச் சொல்லாமல் மூலத்தை வெளியிடுவது குற்றம்.

இனி இவற்றை வீட்டில் வைத்தால் செல்லரிக்கும், நூலகத்தில் வையுங்கள் என்று தந்தையை வற்புறுத்தியவனும் நானே. "செத்த வீட்டுக்கு அந்த ஒரு கடுதாசி வேணுமே" என்று அவர் தயங்கினார். வேண்டும்போது எடுத்துச்சென்று திருப்பித் தாருங்கள் என்றேன். தந்தார்.

அப்போதைய நூலகர் பேழையை வாங்கிப் பார்த்தார். பேழையில் பாம்பு இருப்பினும் அவ்வளவு விரைவில் மூடியிருக்க மாட்டார். வரவேட்டில் ஏற்றி எண் இடுங்கள் என்றேன்.

"எண்ணப் போட்டா காலேஜ் சொத்து. காலேஜ் சொத்தக் கல்லறைக்குக் கொண்டுபோக நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வராமப் போனா என் பென்ஷன்ல கை வைப்பாக."

"எண் இல்லாத பொருள் நூலகத்தில் இருக்கும்போதே தொலைந்ததாகும்" என்றேன்.

"அப்படித் தொலைஞ்சா யாரும் கேக்க மாட்டாகல்ல? அதான் வேணும்" என்றார் அவர்.

நூலகத்தைக் காப்போர் நூலைக் காப்பதில்லை, ஏட்டைக் காக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை நூல்களை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். குறைந்தால் நூலகர் கைப்பொருள் போகும். மிகுந்தால் யாரும் மகிழ்வதில்லை. ஆதலால் அரியது எதுவோ அதை ஏட்டில் ஏற்றாதிருப்பதே எங்கள் பக்கத்து நூலகர்கள் கண்ட பாதுகாப்பு. அதன்பின் நானும் அவரும் வணக்கம் சொல்லிக்கொள்வதை நிறுத்திக்கொண்டோம். பேழை எண்ணின்றியே இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டது.

ஒரே ஒருமுறை, தம் அண்ணன் இறந்த ஆண்டில், தந்தை வந்து அம்மடலைக் கேட்டு வாங்கிச் சென்றார். திரும்பக் கொடுத்தபோது புதிதாக ஒரு மெழுகு வட்டம் அதில் இருந்தது. எனக்குச் சினம் தலைக்கேறிற்று. "கவனமாகக் கையாளக் கூடாதா?" என்று பலர் முன்னிலையில் கடிந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கவனமாத்தான் செஞ்சோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனையும் என் மனத்தில் ஓடி முடிவதற்குள் மகள் குடையை விரித்துவிட்டார்.

"கெளம்புங்க. நீங்க வந்து வாங்கிக் குடுங்க. நான் மருந்தடிக்கிற வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். மழையில பழம் வெடிச்சுக்கிட்டு இருக்கு."

கம்பம் பேருந்தில் எனக்கு முன்னிருக்கை கிடைத்தது. அவர் பின்னால் அமர்ந்தார். பேருந்து வீரபாண்டியைத் தாண்டியது. பிறகு என் பிடரிக்கு அருகிலிருந்து குரல் வந்தது.

"சிதைஞ்சு போச்சுன்னு போட்டிருக்கீகளே, யாரைக் கேட்டுப் போட்டீக?"

"கண்டதை எழுதினேன்."

"கண்டது தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீக."

"அச்சிட்ட வாசகம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஓரெழுத்தும் மாறவில்லை. திருநாளன்று அதையே படிக்கலாமே" என்றேன். புறப்பட்டதுமுதல் அவ்வினாவை அடக்கி வைத்திருந்தேன்.

"வாசிக்கிறதுக்கு மட்டும்னா புத்தகம் போதும். அந்தத் தாளுக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"அது எங்க வீட்டு வேலை."

பக்கத்து இருக்கைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தந்தையும் மகளும் சண்டையிடுகிறார்கள் என்று எண்ணியிருப்பார் போலும். "விடும்மா, வயசானவுக" என்றார் அவரிடம். "வயசானா எடுத்ததக் குடுக்க வேணாமா?" என்றார் பெண்மணி. அதன்பின் இருக்கைக்காரர் சாளரத்துக்கு வெளியே வாழைத்தோப்பை நோக்கலானார்.

கல்லூரி வண்ணம் பூசிக்கொண்டிருந்தது. தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்ததாம். மரங்களுக்குங்கூடக் காவியும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். நூலக வாயிலில் புதிய கண்ணாடிப் பேழை ஒன்று. உள்ளே கல்லூரி மலர்கள் அட்டை கட்டி, முதுகில் பொன்னிற எண்களோடு, நிரையாக நின்றன. ஒன்றை எடுத்துத் தரச்சொல்லிப் புரட்டினேன். கட்டுக்காரன் விளம்பரப் பக்கங்களையெல்லாம் கிழித்தெறிந்துவிட்டுத் தைத்திருந்தான். இப்பள்ளத்தாக்கில் அன்று என்ன விற்றது, எவர் விற்றார், எந்த உண்டிச்சாலை மாணவருக்குத் தள்ளுபடி தந்தது என்பதற்கெல்லாம் அப்பக்கங்களே சான்று. நிலவுப் பெண்கள் மட்டும் பழுதின்றித் தப்பியிருந்தார்கள். பெண்மணியின் மடல் அச்சான மலரும் அவ்வரிசையில் இருந்தது. 'நம் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது' என்னும் என் வரி கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது.

இப்போதைய நூலகர் என்னை அறியாதவர். என் பழைய பதவியைச் சொன்னபின் எழுந்து நின்றார். வந்த நோக்கத்தைச் சொன்னபின் உட்கார்ந்தார்.

"சார், முந்தாநாளே அம்மாட்ட சொல்லிட்டேன். அக்சஷன் ரெஜிஸ்டர்ல அப்படி ஒரு என்ட்ரியே இல்ல."

"ஏட்டில் இல்லை, அலமாரியில் இருக்கும்" என்றேன்.

"என்ட்ரி இல்லாதது அலமாரியில எப்படி சார் இருக்கும்?"

"அலமாரியைத் திறந்து பாருங்கள்."

"அதக் காலி பண்ணியாச்சு சார். கணக்குல வராத பேப்பரெல்லாம் பின்னால மூட்டை கட்டிக் கெடக்கு. குழு வர்றதுக்குள்ள தேனியில இருந்து பழைய பேப்பர்க்காரர் வந்து எடுத்துட்டுப் போயிருவாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெண்மணி பின்கட்டுக்குச் சென்றுவிட்டார். நான் தொடர்ந்தேன். சாரல் அடிக்கும் நடையில் கோணிமூட்டைகள் சுவரோடு சுவராகக் குவிந்திருந்தன. பழைய விடைத்தாள்கள், வினாத்தாள்கள், உடைந்த அறிவிப்புப் பலகைகள். இரு மூட்டைகளுக்கு நடுவில் கிளி ஒன்று தெரிந்தது. துரு ஏறிக் கழுத்தை இழந்த கிளி.

"அந்தா இருக்கு எங்கப்பா டப்பா" என்றார் அவர்.

நூலகர் ஓடிவந்து குறுக்கே நின்றார். அவர் தீயவர் அல்லர் என்று எழுத வேண்டும் போல் இருக்கிறது; எழுதமாட்டேன். ஒரு பொருளைக் குப்பையில் இடத் துணிந்தவர், அதை உரியவர் எடுப்பதைத் தடுக்க ஓடிவருகிறார் என்றால் அவரை வேறெவ்வாறு அழைப்பது?

"அம்மா, தொடாதீங்க. குழு வந்து போற வரைக்கும் இங்க இருந்து எதுவும் வெளிய போகக் கூடாது."

"பழைய பேப்பர்க்காரன் எடுத்துட்டுப் போலாமா?"

"அது டெண்டர்."

"எங்க சாமான எங்கிட்டக் குடுக்க என்ன கேடு?"

"இல்லாத சாமான எப்படிம்மா குடுக்கிறது?" அவர் குரல் இறங்கியது, கெஞ்சுவது போலாயிற்று. "குடுத்தேன்னா இருந்ததுன்னு ஆயிரும். இருந்ததுன்னா இத்தனை வருசம் ஏன் பதியலைன்னு என்னையக் கேப்பாக. நான் வந்தே கொஞ்ச நாளுதான் ஆகுது. எனக்கு முன்ன இருந்தவரு செஞ்சதுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?"

அலமாரியைப் பூட்டிய பழைய நூலகரின் அச்சம் மாறாமல் இவருக்கும் வழங்கப்பட்டிருந்தது. பதவியோடு திறவுகோல் வருவதைப் போல.

முதல்வர் அறைக்குச் சென்றோம். முதல்வர் வெளியூரிலிருந்து வந்தவர்; நயமான ஆங்கிலமும் நயமற்ற தமிழும் உடையவர். மலரையும் என் குறிப்பையும் காட்டினேன். படிக்கவில்லை. "சார், மேகசின்ல ஆயிரம் போடுவாங்க" என்றார். அம்மலரின் ஆசிரியன் நான் என்றேன். "ஓ" என்றார்.

அங்கேதான் எனக்கு அடங்காச் சினம் மூண்டது. இவர்களை மேலிடத்தில் நிறுத்தித் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று உறுதிகொண்டேன். அதற்குச் சான்று வேண்டும். "அப்படியொரு மடற்கட்டு இந்நூலகத்தின் உடைமைகளுள் இல்லை என்று எழுத்தில் தாருங்கள்" என்றேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். தொல்லை ஒழிந்தது என்று மகிழ்ந்து எழுத்தரை அழைத்தார். கணினியில் தட்டி, கல்லூரி முகப்புத் தாளில் எடுத்து, கையொப்பமும் முத்திரையும் இட்டு என்னிடம் நீட்டினார். இந்தக் கல்லூரியில் அத்துணை விரைவில் எழுதப்பட்ட மடல் பிறிதொன்று இருக்க முடியாது.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனேன். பெண்மணி கையை நீட்டினார்.

"அது எனக்குத் தாங்க."

"இது வழக்குக்குச் சான்று. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலில் ஒரு மனு, அதன்பின் மேல்முறையீடு..."

"திருநா அதுக்குள்ள வந்துருமா, வராதா?"

தாளை என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு நேரே நூலகத்தின் பின்கட்டுக்கு நடந்தார். நூலகர் மூட்டைகளின் முன் நின்றிருந்தார். பெண்மணி தாளை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"உங்க பெரியவரு எழுதிக் குடுத்துட்டாரு, இங்கன எங்க சாமான் எதுவும் இல்லைன்னு. இல்லையில்ல?"

"இல்லம்மா."

"அப்ப இந்த டப்பா காலேஜுது இல்ல."

நூலகர் தாளை மீண்டும் ஒருமுறை படித்தார்.

"காலேஜுதுன்னு சொல்லுங்க. நான் வச்சிட்டுப் போயிருறேன். ஐயா இங்கனதான் நிக்கிறாக, எழுதிக்கிருவாக."

நூலகர் என்னைப் பார்த்தார், பேழையைப் பார்த்தார், பிறகு தம் மேசையை நோக்கி நடந்துபோய் வரவேட்டைத் திறந்து, அதில் ஏதோ ஓர் எண்ணை மிகுந்த கவனத்தோடு தேடத் தொடங்கினார். நாங்கள் அவரைக் கடக்கையில் தலை நிமிரவில்லை. தம் நூலகத்தில் இல்லாத பொருளொன்று வெளியேறுவதை அவர் காணவேயில்லை.

வாயிற்காவலர் மறித்தார். "என்னம்மா டப்பா? கேட்பாஸ் இருக்கா?" பெண்மணி முதல்வரின் தாளைக் காட்டினார். காவலர் வாசகத்தைப் படிக்கவில்லை. முத்திரையைத் தொட்டுப் பார்த்தார். "சரி, போங்க" என்றார். அங்கே அப்படியொரு பொருளே இல்லை என்று சான்றளித்த தாளே அப்பொருளை வெளியே விட்டது. எண் இட்டிருந்தால் அப்பேழை இன்றும் அந்நூலகத்தில் பூட்டிக் கிடக்கும். எண் இடாததால் குப்பைக்குப் போக இருந்தது. எண் இடாததாலேயே வெளியேறிற்று. இதில் எனக்கு வெற்றி என்று கொள்ள ஏதுமில்லை. நான் கேட்டு வாங்கிய சான்றும் என்னிடம் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவர் மூடியைத் திறந்தார். மடல்கள் இருந்தன. ஓரங்களில் பூச்சி அரித்திருந்தது. அந்த ஒன்றில் அரிப்பு எழுத்துவரை வந்திருந்தது. மெழுகு படிந்த இடங்களைப் பூச்சி தொடவில்லை. அவர் அதை எனக்குக் காட்டவில்லை. நானே எட்டிப் பார்த்தேன்.

"ஒரு நாள் மட்டும் தாருங்கள். எல்லா மடல்களையும் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். ஒன்றுதான் அச்சேறியிருக்கிறது. மற்றவற்றை இவ்வுலகில் எவரும் படித்ததில்லை" என்றேன்.

"நாங்க படிச்சிருக்கோம்."

"உங்களைச் சொல்லவில்லை."

"தெரியுது."

"ஒளிப்படமாவது எடுத்துக்கொள்கிறேன். இங்கேயே."

மூடியை அழுத்தி மூடினார். "ஒருக்கா குடுத்துப் பாத்தாச்சுங்கய்யா. எங்கப்பா உங்களப் பெரிய மனுசன்னு நம்பிக் குடுத்தாக. சபையில வச்சு ஏசியும் விட்டீக. அன்னைக்கு வந்து படுத்தவுக ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல." பேருந்து வந்தது. ஏறினார். நான் ஏறவில்லை, என் ஊர் எதிர்த்திசை.

கல்லறைத் திருநாளன்று நான் அவ்வூர் சென்றேன். அழைப்பில்லை. எதற்குச் சென்றேன் என்று பிறர் கேட்டால், ஒரு வழக்கத்தை நேரிற்கண்டு பதிவதற்கு என்பேன். மாலை மங்கும் வேளை. கல்லறைகளுக்கு வெள்ளையடித்துச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பியிருந்தார்கள். குருவானவர் நீர் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாய்ப் போய்க்கொண்டிருந்தார். நான் சுற்றுமதிலுக்கு வெளியே, மதில் இடிந்து தாழ்ந்திருந்த இடத்தில் நின்றேன். தந்தையின் கல்லறை அதனருகில்தான் இருந்தது.

குருவானவர் கடந்துபோனபின் உறவினர் கூடினர். மகள் தலைமாட்டில் நின்றார். இடக்கையில் மடல், வலக்கையில் எரியும் மெழுகுவத்தி. படிக்கத் தொடங்கினார். அது நூலகத்தில் கேட்ட குரலாக இல்லை. சொற்களை நான் அறிவேன். அச்சுப்படியை மும்முறை மெய்ப்புத் திருத்தியவன். ஓரிடத்திலும் அவர் பிழைக்கவில்லை. சிறிது நேரம் சென்றபின்பே ஒன்றைக் கண்டேன். அவர் கண்கள் தாளில் இல்லை, கல்லறையின்மேல் இருந்தன. முழு மடலும் அவருக்கு மனப்பாடம்.

அவ்வாறாயின் தாள் எதற்கு? என் வாய்க்குள் எழுந்த அவ்வினாவுக்கு விடை உடனே கிடைத்தது. கடைசி வரி முடிந்ததும் அவர் தாளைக் கல்லறையின்மேல் விரித்தார். மெழுகுவத்தியை அதற்கு மேலே கொண்டுவந்து, வேண்டுமென்றே, மெல்லச் சாய்த்தார். ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது. அது வெளுத்து உறையும்வரை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறைந்தது.

"கேட்டாச்சு" என்றார் மகள்.

"கேட்டாச்சு" என்றார்கள் உறவினர்.

இறந்தவர் மடலைக் கேட்டுக்கொண்டார் என்பதற்கு அவ்வீட்டார் இடும் முத்திரை அது. ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள். அச்சிறுமி முதல் அன்றைய துளிவரை அவ்வீட்டில் இறந்தோர் அனைவரும் அத்தாளில் வரிசையாகப் பதிந்திருந்தார்கள். நான் அவர்களைக் கறை என்று எழுதியிருந்தேன்.

மெழுகு தாளுக்குக் கேடு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. சூடு தாளின் நாரிழையைத் தளர்த்தும். மை ஊறிப் பரவும். அத்துளி எந்த வரியின்மேல் விழுந்தது, எந்தச் சொல் மறைந்தது என்று காண என்னையறியாமல் என் கழுத்து மதிலுக்கு மேல் நீண்டுவிட்டது. அவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். வியப்பில்லை, நான் வருவேன் என்று எதிர்பார்த்தவர் போலவே இருந்தார்.

"யாரு அது?" என்றார் உறவினருள் ஒருவர்.

"கடுதாசி வாங்கிட்டுப் போனாகல்ல, அந்த ஐயா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எவரும் வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் தாளை மடித்துப் பேழைக்குள் வைத்தார்.

"இன்னும் ஒரு எடத்துல சிதைஞ்சிருச்சுங்கய்யா" என்றார். "எழுதிக்கிருங்க."

"எந்த வரியில்?" என்றேன்.

அவர் பேழையை மூடினார். கிளியின்மேல் கையை வைத்து அழுத்தினார். மூடி இறுகும் ஓசை மதிலுக்கு வெளியேயும் கேட்டது.